போட்டி வாரத்தில் வந்த முட்டைத் தட்டு

எங்கள் பெல்ஃபோர்ட்டுக்கு வந்து அதை அழகிப் போட்டி என்று சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. பெட்ரோல் பங்கில் நிற்கிறவன்கூட, "அழகிப் போட்டி இல்லீங்க, உதவித்தொகைப் போட்டி" என்று திருத்தித்தான் அனுப்புவான். அலபாமா மாநிலத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஜெயித்த பெண் ஜூலை மாதம் எங்கள் ஊருக்கு வருவாள். எல்லாம் பள்ளிக்கூடம் முடித்து, அடுத்து என்ன என்று நிற்கிற பிள்ளைகள். ஒரு வாரம் ஒத்திகை, நேர்காணல், திறமைச் சுற்று. சனிக்கிழமை இறுதிச் சுற்று. முதலாவதாக வருகிறவளுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷப் படிப்பு இலவசம். இரண்டாவதுக்கு இரண்டு வருஷம். மூன்றாவதுக்குக் கொஞ்சம் புத்தகமும் நிறையக் கைதட்டலும்.

அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் தங்குவது எங்கள் வீடுகளில்தான், வீட்டுக்கு இரண்டு பேராக. எங்களுக்கு 'வார அம்மா' என்று பெயர். சட்டம் கொஞ்சம் கடுமை. வந்ததும் கைபேசியை வார அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். பெற்றவர்களோடு பேச்சு கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால்மணி நேரச் சந்திப்பு மட்டும் உண்டு. நடுவில் ஊர் எல்லையைத் தாண்டினால் போட்டியிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். என் கணவர் ராய்ஸ் இதற்கு 'நெல்டாவின் சிறைச்சாலை' என்று பெயர் வைத்திருக்கிறார். எந்தச் சிறைச்சாலையில் தினமும் பொரித்த கோழி போடுகிறார்கள் என்று நான் கேட்டால், இன்னொரு துண்டை எடுத்துத் தட்டில் போட்டுக்கொள்வார்.

அந்த வருஷம் எனக்கு வந்தவர்கள் மேரி காலின்ஸ், லேகன். மேரி காலின்ஸ் பர்மிங்ஹாம் பக்கத்துப் பெண். பியானோ வாசிப்பாள். சின்ன வயதிலிருந்தே இதற்கென்று பழக்கி வளர்த்த பிள்ளை. மேடையில் உதடு ஒட்டாமல் சிரிக்கப் பல்லில் வாஸ்லின் தடவுவது எப்படி என்று லேகனுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். லேகன் வடக்கே மலைமேல் இருக்கிற டட்டன் க்ரீக்கிலிருந்து வந்தவள். அங்கே கோழிப் பண்ணை, கோழித் தொழிற்சாலை, அதை விட்டால் சர்ச்சு. அவள் அம்மா ரீனெட் அந்தத் தொழிற்சாலையில் கறியிலிருந்து எலும்பு எடுக்கிற வரிசையில் நிற்கிறவள். லேகனுக்கு இங்கே ஏதாவது கிடைத்தால் பல்கலைக்கழகம். இல்லாவிட்டால் ஆகஸ்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு கத்தி தயார். இதை அவளே முதல் நாள் சாப்பாட்டு மேசையில், உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்பது போலச் சொன்னாள்.

அவளைக் கொண்டுவந்து விட்டது டேரில். லாரி ஓட்டுகிறவர், ரீனெட்டின் இரண்டாவது புருஷன். முதல் வகுப்பிலிருந்து லேகனை வளர்த்தவர் அவர்தான். ஆனாலும் அவள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். லேகனின் திறமை மலைப்பக்கத்து ஆட்டம். காலணியின் அடியில் இரும்புத் தகடு வைத்துக்கொண்டு பலகைமேல் தாளம் தட்டி ஆடுவது. மேடைத் தரையில் சத்தம் அமுங்கிப்போகும் என்று டேரில் அவளுக்காக ஓக் மரத்தில் கீல் வைத்து மடக்குகிற பலகை ஒன்று செய்திருந்தார். அதை முதுகில் சுமந்துவந்து என் கார் கொட்டகையில் இறக்கி வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். இவ பச்சை வெங்காயம் தொடமாட்டா. ராத்திரி தூக்கத்துல பேசுவா. பாவமேன்னு நீங்க பதில் சொல்லிடாதீங்க, சண்டைக்கு வந்துருவா."

"டேரில்!" என்றாள் லேகன். காது வரை சிவந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. அழுதான்னா கண்டுக்காதீங்க. கொஞ்ச நேரத்துல அவளே அடுப்படிக்கு வந்து எதையாச்சும் தின்னுக்கிட்டு நிப்பா. அப்படின்னா சரியாயிட்டான்னு அர்த்தம்."

"டேரில், போதும். போ."

அவர் சிரித்தார். "போறேன், போறேன். சனிக்கிழமை முதல் வரிசையில பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் ஒத்திகையில் இருந்தபோது ரீனெட் எனக்குப் போன் செய்தாள். டேரில் செத்துப்போனார் என்றாள். லூசியானாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவர், வழியில் லாரிகள் நிற்கிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்திருக்கிறார். தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மாரடைப்பு. வேறு மாநிலம் என்பதால் உடலைக் கொண்டுவரச் சனிக்கிழமை ஆகிவிடும்.

நான் "ஐயோ" என்பதற்குள் அவள் சொன்னாள்: "லேகன்கிட்ட சொல்லக் கூடாதுங்க. போட்டி முடியற வரைக்கும் கூடாது."

"என்னம்மா பேசறே? அப்பா மாதிரி இருந்தவரு. அவளுக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா கிளம்பி வந்துருவா. வந்தா பேரை அடிச்சிருவாங்க. அப்புறம் என் பக்கத்துல வந்து நிக்க வேண்டியதுதான்." அவள் குரலில் ஈரமே இல்லை. "இந்தப் போட்டியே வேணாம்னுதான் நான் சொன்னேன். அதெல்லாம் காசுள்ளவங்க புள்ளைங்க ஆடற ஆட்டம்னேன். அவருதான், 'கத்தி புடிக்கறது உன்னோட போகட்டும் ரீனெட்'னாரு. அவரு ஆசைப்பட்டது இது ஒண்ணுதாங்க. எங்க பாஸ்டரைத் தவிர யார்கிட்டயும் நான் சொல்லல. சின்னவன் கோல்ட்டன் சர்ச் முகாமுக்குப் போயிருக்கான், அவனுக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிஞ்சா எவளாச்சும் ஃபேஸ்புக்ல போட்டுருவா. நீங்க வாக்குக் குடுங்க."

கொடுத்தேன். போனை வைத்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. புருஷன் செத்த அன்றைக்கு இப்படிக் கணக்காகப் பேச வருமா ஒருத்திக்கு? கல்நெஞ்சுக்காரி என்று வாய்விட்டே சொன்னேன். கேட்டது எங்கள் நாய் மட்டும்தான்.

ராய்ஸிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அவர் யாரிடமும் சொல்லவில்லைதான். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று கர்த்தரிடம் மட்டும் சொன்னார். எங்கள் வீட்டில் தங்கியிருக்கிற மலைப்பக்கத்துப் பெண்ணின் வீட்டில் ஒரு துக்கம், பாவம் அவளுக்கே இன்னும் தெரியாது, சனிக்கிழமை வரை அவளைத் தாங்கும் ஆண்டவரே என்று. ஆண்டவரோடு சேர்ந்து சபையில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வாயைக்கூட மூடிவிடலாம். எங்கள் ஊர்ப் பெண்களின் கையை மூட முடியாது. ஒரு வீட்டில் சாவு என்று காதில் விழுந்தால் எங்கள் கை தானாக உருளைக்கிழங்கைச் சீவும். யார், என்ன, எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் ஒத்திகையில் இருக்கும்போது முதலில் வந்தது பன்றித் தொடைக்கறி, பழுப்புச் சர்க்கரை பூசிச் சுட்டது. அதன் பின்னால் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு. அதன் பின்னால் வெண்ணெய் கேக். கொண்டுவந்தவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தி, "அவளுக்குத் தெரிய வேணாம், சும்மா போட்டி வாரச் சாப்பாடுன்னு சொல்லிடு" என்றார்கள். நான் எல்லாவற்றையும் கார் கொட்டகையில் இருக்கிற பழைய ஃபிரிட்ஜில் திணித்தேன். ராய்ஸ் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏய்யா, ஜெபம் பண்ணணும்னா மனசுக்குள்ள பண்ண மாட்டியா? கர்த்தருக்கு என்ன காது மந்தமா?"

"நான் பேரைச் சொல்லலையே, நெல்டா."

"பேரு வேற சொல்லணுமா? மலைப்பக்கத்துப் பொண்ணுன்னு நம்ம வீட்டுல எத்தனை பேரு இருக்காங்க? நாய்கூட இந்த ஊருதான்."

அவர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "தொடைக்கறி நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்குமேல் அந்த ஆளோடு என்ன பேசுவது?

சாயங்காலம் பிள்ளைகள் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெரு பாபி ஜீன் வந்து நின்றாள், கையில் முட்டைத் தட்டோடு.

அந்தத் தட்டு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும். பாதி முட்டை உட்காரக் குழி குழியாக வைத்த கண்ணாடித் தட்டு. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கடுகோடு பிசைந்து திரும்ப நிரப்பி, மேலே சிவப்புத் தூள் தூவி அதில் அடுக்குவோம். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் அலமாரியிலிருந்து இறங்கும். இல்லாவிட்டால் சாவுக்கு இறங்கும். ஜூலை மாதத்து வியாழக்கிழமையில் அது ஒரு வீட்டு வாசலுக்கு வந்தால் கைக்குழந்தைக்குக்கூட விஷயம் புரிந்துவிடும்.

"சும்மா, புள்ளைங்களுக்குன்னு…" என்றாள் பாபி ஜீன். "ஆடி ஓடறாங்கல்ல, பாவம். தெம்பா இருக்கட்டும்னு…" அவள் அதோடு திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு லேகனின் கன்னத்தைத் தொட்டாள். "என் தங்கமே" என்றாள். கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான், அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தவள் போல ஓடினாள். நான் அவள் முதுகைப் பார்த்து முறைத்த முறைப்பில் அவள் சட்டை பற்றி எரிந்திருக்க வேண்டும்.

லேகன் எழுந்தாள். முட்டைத் தட்டைத் தலைக்குமேல் தூக்கி அடியைப் பார்த்தாள். சாவு வீட்டுக்குக் கொடுக்கிற பாத்திரத்தின் அடியில்தான் வெள்ளை நாடாவில் பெயர் எழுதி ஒட்டுவோம், துக்கம் முடிந்து திருப்பிக் கொடுக்க வசதியாக. 'பாபி ஜீன்' என்று ஒட்டியிருந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு கார் கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

"இரு கண்ணு, நான் வைக்கிறேன்" என்று நான் எழுவதற்குள் பழைய ஃபிரிட்ஜின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூட வெகுநேரம் ஆயிற்று. உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்திருக்கிறாள்.

திரும்பி வந்து கதவருகே நின்றாள்.

"இந்த வீட்டுல யாரும் சாகலையே, நெல்டாம்மா."

ராய்ஸ் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மேரி காலின்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். சொல்ல மாட்டேன் என்று ரீனெட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். தலையசைக்க மாட்டேன் என்று கொடுக்கவில்லை.

"அம்மாவா?" என்றாள்.

இல்லை என்று தலையசைத்தேன்.

"கோல்ட்டனா?"

அதற்கும் அதே தலையசைப்பு.

மூன்றாவது பெயரை அவள் கேட்கவில்லை. அவள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். "போன்னு சொன்னேன்" என்றாள். "போதும், போன்னு சொன்னேன். உங்க முன்னாலதானே சொன்னேன்?" நான் ஓடிப்போய் அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மேரி காலின்ஸ் வந்து அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, ஒரு காலணியைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். நன்றாக வளர்த்திருக்கிறார்கள் அந்தப் பிள்ளையை. நான் பியானோவைச் சொல்லவில்லை.

அழுது முடித்து லேகன் அடுப்படிக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கு வீட்டுக்குப் போகணும்."

"சரி" என்றேன். கார் சாவியை எடுத்தேன். பெயரை அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். பிள்ளையைச் சாவுக்குப் போகவிடாத உதவித்தொகை யாருக்கு வேண்டும் என்று எனக்கு அப்போது இருந்தது. இருவரும் காரில் ஏறி உட்கார்ந்தோம். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

"அம்மாதான் சொல்ல வேணாம்னாளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அழுதாளா?"

"இல்ல" என்றேன். என் குரலில் இருந்த வெறுப்பு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மாவை உங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை அழ ஆரம்பிச்சான்னா நிறுத்தத் தெரியாது அவளுக்கு. அதான் ஆரம்பிக்காம வச்சிருக்கா. எனக்காக." மடியில் இருந்த பையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டாள். "நான் இப்பப் போய் நின்னா, அவ இத்தனை நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தது எதுக்கு? வண்டியை அணைச்சிருங்க, நெல்டாம்மா."

அணைத்தேன்.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா உடைஞ்சுருவா. சனிக்கிழமை வரைக்கும் நீங்களும் சொல்லாதீங்க."

ஆக, அம்மாவுக்கு ஒரு வாக்கு, மகளுக்கு ஒரு வாக்கு. இரண்டையும் இரண்டு பக்கெட் தண்ணீர் போலச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியவள் நான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பெற்றவர்கள் சந்திப்பு. போகிற வழியெல்லாம் மேரி காலின்ஸ் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள், வண்டியில் ஏறிய மற்றப் பெண்கள் யாரும் லேகனிடம் எதுவும் கேட்டுவிடாமல் இருக்க. ரீனெட் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். ஆமாம், வேலையிலிருந்து. புருஷன் செத்தது வெளியே தெரியக்கூடாது என்று தினமும் போய் வரிசையில் நின்று கோழி அறுத்திருக்கிறாள். உதட்டுக்குச் சிவப்பு போட்டிருந்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. விரல்களில் பழைய வெட்டும் புது வெட்டும். முகம் முழுக்கச் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் போட்டிப் பெண்கள் வாஸ்லின் தடவிக்கூட அப்படி ஒரு சிரிப்பைப் பிடித்து வைத்ததில்லை.

"எப்படி இருக்கே? சாப்பிடறியா? இளைச்சுட்டியே."

"நல்லா சாப்பிடறேம்மா. நெல்டாம்மா விடமாட்டேங்கறாங்க." லேகனும் சிரித்தாள். கேட்காமல் விட்டால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளே கேட்டாள். "டேரில் வரலையா?"

ரீனெட்டின் கை மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தது. "லூசியானாவுக்கு லோடு. நாளைக்குச் சாயங்காலம் வந்துருவாரு."

"பத்திரமா வரச் சொல்லும்மா."

"சொல்றேன்."

நான் எழுந்துபோய்க் குளிர்பான மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன என் நாக்குக்குச் சூடு போட்டாலும் தகும். கால்மணி நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அங்கேயே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பிவிட்டது. ரீனெட் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். "ஆள் வருதாம்மா?" என்று ஒருவர் வந்து கேட்டார். "வருவாரு" என்றாள். நான் மேடை ஓரத் திரைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன். என் பக்கத்தில் லேகனும் நின்று பார்த்தாள்.

இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களில் என் பிள்ளைகள் இருவர் பெயரும் இருந்தது. மேரி காலின்ஸ் வாசித்து முடித்து வந்ததும் பலகையைக் கொண்டுபோய் மேடை நடுவில் விரித்தார்கள். லேகன் என் கைக்குட்டையை வாங்கிப் பல்லில் இருந்த வாஸ்லினை அழுத்தித் துடைத்தாள்.

"சிரிப்பு வரலை, நெல்டாம்மா. கால் வந்தாப் போதும்."

எங்கள் போட்டியில் சிரிக்காமல் ஆடினால் மதிப்பெண் குறையும். அது அவளுக்கும் தெரியும். போனாள். அவள் ஆட்டத்தை ஒத்திகையில் பலமுறை பார்த்திருக்கிறேன். துள்ளலும் குதூகலமுமாக இருக்கும். அன்று பாட்டு அதேதான், அடி அதேதான், ஆனால் அவள் கீழே பார்த்துக்கொண்டே ஆடினாள், பலகைக்குள் இருக்கிற யாரையோ தட்டி எழுப்புகிற மாதிரி. ஓக் மரம் அரங்கம் அதிரக் குரல் கொடுத்தது. டேரில் சொன்னது சரி, மேடைத் தரைக்கு அந்தச் சத்தம் வந்திருக்காது. முடிவில் கையை விரித்து நிற்க வேண்டிய இடத்தில் விரித்து நின்றாள். கண் மட்டும் முதல் வரிசையில் கைப்பை வைத்த நாற்காலியில் இருந்தது. நான் அழுததைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விளக்குப் போடுகிறவனும் அழுதான், அவனுக்கு விஷயமே தெரியாது.

மேரி காலின்ஸ் முதலாவதாக வந்தாள். லேகன் இரண்டாவது. சிரித்திருந்தால் முதலாவதாக வந்திருப்பாள் என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் பிடிக்காது. இரண்டு வருஷம் கையில் வந்துவிட்டது. கத்தி இனி வேறு யாருக்காவது காத்திருக்கட்டும்.

முடிந்ததும் வீட்டார் எல்லோரும் மேடைக்கு ஓடிவருவது வழக்கம். ரீனெட் ஓடவில்லை. படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறிவந்தாள். சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று முகத்தில் எழுதியிருந்தது. வாயைத் திறந்தாள். லேகன் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்மா. நீ சொல்ல வேணாம். வியாழக்கிழமையே தெரியும்."

ரீனெட் மகளின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். வாக்கை மீறிவிட்டாயே என்கிற அந்தப் பார்வைக்கு நான் ஆளாக வேண்டியதில்லைதான், ஆனாலும் வாங்கிக்கொண்டேன். "யாரு சொன்னது?" என்றாள்.

"யாரும் சொல்லல. முட்டை சொல்லிச்சு."

ரீனெட்டுக்கு விளங்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்து, மகளோடு சேர்த்துப் பின்வாசல் வழியாக வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாவுச் சாப்பாடு சாவு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியது. அதனால் எல்லாவற்றையும் ஐஸ் வைத்து என் காரின் டிக்கியில் அடுக்கியிருந்தேன், டட்டன் க்ரீக் வரை அவர்கள் பின்னாலேயே போவதற்கு. மத்தியானம் பாபி ஜீன் தலையைக் குனிந்துகொண்டு வந்து, பழைய முட்டைகளை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. நானும் பார்க்க விடவில்லை.

டிக்கியைத் திறந்தேன். ரீனெட் அந்தப் பாத்திரங்களைப் பார்த்தபடி நின்றாள். தொடைக்கறி, உருளைக்கிழங்கு, கேக், முட்டை. கையை நீட்டினாள், தொடவில்லை.

"எங்க வீட்டுக்கு ஒண்ணுமே வரலைங்க" என்றாள். "ஒருத்தரும் வரலை. நான்தான் யார்கிட்டயும் சொல்லலையே, எப்படி வருவாங்க? செவ்வாய்க்கிழமையிலேர்ந்து நான் மட்டும்தான் அந்த வீட்டுல. வேலைக்குப் போவேன், வருவேன், அவரு நாற்காலிக்கு எதிர்ல உக்காந்துப்பேன். சாவு வீடு மாதிரியே இல்லைங்க. யாருமே சாகாத மாதிரி இருந்துச்சு."

நான் முட்டைத் தட்டின் மூடியை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன். அவள் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் எதுவும் ஒழுங்காகத் தின்றிருக்க மாட்டாள் என்பது அவள் தின்ற விதத்திலேயே தெரிந்தது. பாதி மெல்லும்போது அழுகை வந்தது. மகள் சொன்னது உண்மைதான், அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. டிக்கி ஓரத்தில் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு, போகிற வருகிற பெற்றோர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, புருஷன் செத்தவள் அழுகிறபடி அழுதாள். லேகன் மேடை உடுப்போடு தார்த்தரையில் மண்டியிட்டு அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து ரீனெட் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முட்டையை எடுத்தாள். பிறகு தட்டைச் சாய்த்து அடியைப் படித்தாள்.

"பாபி ஜீன் யாருங்க?"

"எங்க ஊர்ல ஒருத்தி. கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதவ."

"நல்லவ" என்றாள் ரீனெட், வாயில் முட்டையோடு.

லேகன் எழுந்து உடுப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். எங்கள் இருவருக்கும் நடுவில் கையை விட்டுத் தானும் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு, டிக்கியில் சாய்ந்து நின்று தின்ன ஆரம்பித்தாள். அழுதால் கண்டுகொள்ளாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அவளே வந்து எதையாவது தின்பாள் என்று டேரில் சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளை, அவருக்குத் தெரியாதா?